புதைபடிவக் கடல்நத்தையை ஓடு பார்த்து வகைப்படுத்துவது எப்படி?

அரியலூர் பக்கம் ஓடை வெட்டிலோ சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் கழிவு மேட்டிலோ ஒரு நத்தைக்கல் கிடைத்தால், புதிதாக வருபவர்கள் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். போனில் படம் பிடிப்பார்கள், அதே ஜாடையில் இருக்கும் படத்தை இணையத்தில் தேடுவார்கள், கிடைத்த பெயரைச் சீட்டில் எழுதி ஒட்டிவிடுவார்கள். அந்தப் பெயர் சரியாக இருந்தால் அது அதிர்ஷ்டம். நத்தைகளில் ஒரே உருவம், ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பல குடும்பங்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. ஒல்லியாக, உயரமாக, ஊசிபோலச் சுருண்ட ஓடு மட்டும் குறைந்தது அரை டஜன் குடும்பங்களில் உண்டு.

அதனால் மொத்த உருவத்தையும் மேலே ஓடும் அழகான வரிகளையும் கடைசிக்குத் தள்ளுங்கள். வாயின் (நத்தை வெளியே வரும் திறப்பு) அடிப்பகுதி, வளர்ச்சிக்கோடு, சுற்றுகளின் நடுவே நிற்கும் நடுத்தண்டு, உச்சிமுனையில் இருக்கும் கருவோடு ஆகிய நான்கும்தான் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கும். கண்ணுக்கு முதலில் படுகிற எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. புதியவர்கள் தடுமாறுவது அதனால்தான்.

எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் அரியலூர், பெரம்பலூர், திருச்சி வட்டாரத்துக் கிரெட்டேசியஸ் (டைனோசர் யுகத்தின் கடைசிக் காலம்) பாறைகளிலிருந்தே தருகிறேன். அங்கே காரை என்ற ஊர்ப் பக்கத்துக் களிமண் 11 முதல் 9 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலடி. கருடமங்கலத்தின் ஓட்டுச் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 9 கோடி ஆண்டு பழையது. பாலிஷ் போட்டால் நத்தையும் சிப்பியும் குறுக்குவெட்டில் பளிச்சென்று தெரியும். ‘ட்ரிச்சினாபோலி மார்பிள்’ என்ற பெயரில் விற்கப்பட்டது இந்தக் கல்தான். அதற்கு மேலே அரியலூர் அடுக்குகள். அதற்கும் மேலே, டைனோசர்கள் அழிந்த பிறகு படிந்த நின்னியூர் அடுக்கு.

கிளம்பும் முன் ஒரு வார்த்தை. சுரங்கங்களுக்குள் அனுமதி வாங்காமல் போகாதீர்கள். ஹெல்மெட் இல்லாமல் வெட்டுச்சுவர் அருகே நிற்காதீர்கள். சாத்தனூர் கல்மரப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் எதையும் எடுக்கக் கூடாது.

முதலில், அது நத்தைதானா?

சுருண்டிருப்பதெல்லாம் நத்தை இல்லை. காரைப் பக்கம் அதிகம் குழப்புவது அம்மோனைட். அது கணவாய், நாட்டிலஸ் கூட்டத்தைச் சேர்ந்தது. பெரும்பாலான அம்மோனைட்டுகள் சுருட்டிய பாய்போல ஒரே தளத்தில் சுருண்டிருக்கும், அவற்றைச் சட்டென்று ஒதுக்கிவிடலாம். ஆனால் டர்ரிலைட்டிஸ் என்று ஒன்று உண்டு. காரைக் களிமண்ணும் சேர்ந்த உத்தத்தூர் அடுக்குகளில் கிடைக்கும். அது நத்தை மாதிரியே கோபுரமாகச் சுருளும், மேலே முடிச்சு முடிச்சாகப் புடைப்புகளும் இருக்கும். இதை எப்படிப் பிரிப்பது? அம்மோனைட்டின் உள்ளே தடுப்புச் சுவர்கள் உண்டு. அந்தச் சுவர் ஓட்டைத் தொடும் இடத்தில் இலை விளிம்பு போல நெளிநெளியான கோடு தெரியும். ஓடு உரிந்த இடத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். நெளிகோடு தெரிந்தால் அது நத்தை இல்லை. போதாததற்கு டர்ரிலைட்டிஸ் பெரும்பாலும் இடப்பக்கம் சுருளும். நத்தைகளில் அது அபூர்வம்.

புழுக்குழாய்களும் ஏமாற்றும். அவற்றின் சுருள் ஒழுங்காக இருக்காது, குழாயின் தடிமன் ஒரே சீராகக் கூடிக்கொண்டும் போகாது. நத்தையில் ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட ஏறத்தாழ ஒரே விகிதத்தில் பெருத்துக்கொண்டே வரும்.

கையில் இருப்பது ஓடா, ஓட்டின் உள்வார்ப்பா?

வகைப்படுத்துவதில் பாதிச் சண்டை இந்தக் கேள்வியைக் கேட்காததால் வருகிறது. நத்தை ஓடுகள் பெரும்பாலும் அரகொனைட் என்ற கனிமத்தால் ஆனவை. சிப்பிகளில் கிரைஃபியா போன்றவற்றின் ஓடு கால்சைட். இரண்டும் கால்சியம் கார்பனேட்தான். ஆனால் அரகொனைட் நிலத்தடி நீரில் சீக்கிரம் கரைந்துவிடும், கால்சைட் தாக்குப்பிடிக்கும். அரியலூர் அடுக்குகளில் ஒன்றான கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் கிரைஃபியா கட்டுக்கட்டாகக் கிடக்கிறதே என்று அங்கே வாழ்ந்ததெல்லாம் சிப்பிதான் என நினைத்துவிடக் கூடாது. கரைந்து போனவற்றுக்குச் சாட்சி குறைவு, அவ்வளவுதான்.

ஓடு கரைவதற்கு முன்பே உள்ளே சேறு நிரம்பி இறுகியிருந்தால், ஓடு போன பிறகு அந்தச் சேற்றுக்கல் மட்டும் மிஞ்சும். அதுதான் உள்வார்ப்பு. அதன் மேற்பரப்பு ஓட்டின் உட்பக்கத்தைக் காட்டுகிறதே தவிர வெளிப்பக்கத்தை இல்லை. அடையாளம் சொல்கிறேன்: மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும், சுற்றுகள் ஒன்றையொன்று தொடாமல் நடுவே இடைவெளி தெரியும். ஓட்டின் தடிமன் இருந்த இடம் அது. நடுத்தண்டு இருந்த இடத்தில் ஒரு ஓட்டை இருக்கும். இந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு ‘ஆழமான தொப்புள் உடையது’ என்று குறித்துவைப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. தொப்புள் என்பது ஓட்டின் அடிப்பக்கம் நடுவில் வெளியே திறந்திருக்கும் குழி. இது தொப்புளே இல்லை.

உள்வார்ப்பில் எல்லாம் தலைகீழ். நடுத்தண்டில் மடிப்பு இருந்திருந்தால் வார்ப்பில் அது பள்ளமான வரியாகத் தெரியும். வெளியுதட்டின் உட்பக்கம் பற்கள் இருந்திருந்தால் வார்ப்பில் குழிகள். அதனால் வழவழப்பான வார்ப்பையும் வீசிவிடாதீர்கள். வரிகளும் முடிச்சுகளும் போயிருக்கும். மடிப்புகளின் சாட்சி அதிலேயே பதிந்திருக்கும்.

இன்னொரு வகை புற அச்சு. ஓடு கரைந்த வெற்றிடம் பாறையில் குழியாக நிற்கும். பலர் அதை வெறும் ஓட்டை என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதுதான் பிடித்தமானது, ஏனென்றால் ஓட்டின் வெளிப்பக்க வேலைப்பாடு மயிரிழைக்கு அதில் பதிந்திருக்கும். பல் மருத்துவர்கள் அச்செடுக்கப் பயன்படுத்தும் சிலிகான் கலவையை வாங்கிக்கொள்ளுங்கள். குழியை ஊதித் தூசு நீக்கி, உட்பரப்பில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவிக் காயவிட்டு, கலவையை மெதுவாக அழுத்துங்கள். இறுகியதும் திருகியபடி வெளியே இழுத்தால் ஓட்டின் முழுப் பிரதி கையில் வரும். பாறை பொடிப்பொடியாக உதிரும் தன்மையுடையது என்றால் இதைச் செய்யாதீர்கள், அச்சும் போய்விடும்.

சுத்தம் செய்தல்

தண்ணீர், பழைய டூத் பிரஷ், ஊசி. இதற்கு மேல் ஆரம்பத்தில் எதுவும் வேண்டாம். காரைக் களிமண்ணில் எடுத்ததைத் தண்ணீரில் ஊறப்போடும் முன் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சில ஓடுகள் களிமண்ணோடு சேர்ந்தே கரைந்து விழும். வினிகர், எலுமிச்சைச் சாறு பக்கமே போக வேண்டாம். பாறையைக் கரைக்கிற அமிலம் ஓட்டையும் சேர்த்தே கரைக்கும், முதலில் போவது மிக நுண்ணிய கோடுகள்தான்.

வாய்க்குள் அடைத்திருக்கும் கல்லை மட்டும் பொறுமையாக ஊசியால் எடுங்கள். நேரம் செலவழிக்கத் தகுந்த இடம் அது ஒன்றுதான்.

எப்படிப் பிடித்துப் பார்ப்பது

உச்சி மேலே, வாய் உங்களைப் பார்த்து. எப்போதும் இப்படித்தான். வாய் வலப்பக்கம் தெரிந்தால் அது வலச்சுருள், இடப்பக்கம் தெரிந்தால் இடச்சுருள். கடல்நத்தைகள் மிகப் பெரும்பாலும் வலச்சுருள்தான்.

இங்கே நம் ஆட்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பூஜையறை வலம்புரிச் சங்கை இப்படிப் பிடித்தால் வாய் இடப்பக்கம் இருக்கும்! விலங்கியல் கணக்கில் வலம்புரி இடச்சுருள். சாதாரணச் சங்குதான் வலச்சுருள். சங்கை நாம் உச்சி கீழே இருக்கும்படி பிடித்துப் பார்த்துப் பழகியதால் வந்த வேறுபாடு இது. குறிப்பேட்டில் ‘வலம்புரி’, ‘இடம்புரி’ என்று எழுதாமல், வாய் எந்தப் பக்கம் என்று எழுதிவிட்டால் யாருக்கும் குழப்பம் வராது.

மேசை விளக்கை ஒரு பக்கமாகத் தாழ்த்தி வையுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத வரிகள் சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். ஆய்வகங்களில் நவச்சாரத்தைச் சூடாக்கி அந்த வெண்புகையை ஓட்டின் மேல் படியவிட்டுப் படம் எடுப்பார்கள். நிறம் மறைந்து வடிவம் மட்டும் தெரியும். வீட்டில் முயல வேண்டாம், அந்தப் புகை நல்லதில்லை.

முதல் கேள்வி: வாயின் அடியில் வெட்டு உண்டா?

வாயின் கீழ்விளிம்பைப் பாருங்கள். அது தொடர்ச்சியாக, உடையாத வளையம்போல இருக்கிறதா? அல்லது கீழே ஒரு வெட்டோ, நீண்ட வாய்க்காலோ ஓடுகிறதா?

சில நத்தைகள் சதைக்குழல் ஒன்றை நீட்டித் தண்ணீரை உள்ளே இழுத்து மோப்பம் பிடிக்கும். அந்தக் குழல் வெளியே வரும் வழிதான் இந்த வாய்க்கால். சங்கு, முட்சங்கு, வால்யூட் போன்ற இரை தேடும் கூட்டங்களில் இது தெளிவாக இருக்கும். வெட்டில்லாத முழுவாய் உள்ளவை பெரும்பாலும் பாசி மேய்பவை அல்லது இருந்த இடத்திலேயே தண்ணீரை வடிகட்டி உண்பவை. இந்த ஒரே கேள்வியில் குவியல் ஏறக்குறைய இரண்டாகப் பிரிந்துவிடும். விதிவிலக்கு இல்லாமல் இல்லை: நாட்டிசிட் நத்தைகள் கொடிய வேட்டைக்காரர்கள், ஆனால் வாய் முழுவாய்.

சரி, வாயே உடைந்திருந்தால்? பத்துக் கல்லில் பெரும்பாலானவை அப்படித்தான் வரும். அதற்குத்தான் அடுத்த படி.

வளர்ச்சிக்கோடு: வாய் இல்லாமலே வாயைப் பார்ப்பது

நத்தை தன் ஓட்டை வாயின் விளிம்பில் மட்டுமே வளர்க்கும். ஆகவே ஓட்டின் மேல் தெரியும் ஒவ்வொரு வளர்ச்சிக்கோடும் ஒரு காலத்தில் வாயின் விளிம்பாக இருந்த கோடு. இதை மனதில் வாங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. வாய் உடைந்து போயிருக்கலாம், கடைசிச் சுற்றே இல்லாமல் போயிருக்கலாம். நடுச்சுற்றில் விரற்கடை அளவு நல்ல மேற்பரப்பு மிஞ்சியிருந்தால் போதும், வெளியுதட்டின் வடிவம் அதில் எழுதியிருக்கும்.

லென்ஸைப் பிடித்து, மேல் பொருத்துக்கோட்டிலிருந்து (இரண்டு சுற்றுகள் சேரும் கோடு) கீழ்ப் பொருத்துக்கோடு வரை ஒரே ஒரு வளர்ச்சிக்கோட்டைப் பின்தொடருங்கள். பென்சிலால் தாளில் அதே வளைவை வரையுங்கள். நேராக இறங்குகிறதா, பின்னோக்கிச் சாய்கிறதா, நடுவில் உள்வாங்கி வளைகிறதா? டர்ரிடெல்லாவில் கோடு ஆழமாக வளைந்து இறங்கும்; அந்த வளைவின் ஆழமும் அது விழும் இடமும் டர்ரிடெல்லா இனங்களைப் பிரிக்கவே பயன்படுகின்றன. சுற்றின் தோள்பட்டையில் கோடு V போலப் பின்னோக்கி இழுக்கப்பட்டிருந்தால், உதட்டில் அங்கே ஒரு வெட்டு இருந்தது என்று பொருள். டர்ரிட் கூட்டத்தின் (டர்ரிடெல்லா வேறு, இது வேறு) கையெழுத்து அது. சுற்றின் நடுவே நாடா போல ஒரு பட்டை ஓடி, அதில் பிறை பிறையாகக் கோடுகள் நெருங்கியிருந்தால், அது நீண்ட பிளவு ஒன்று வளர வளர மூடிக்கொண்டே வந்த தடம். பிளியுரோடோமேரியா பக்கம் போங்கள்.

அடிப்பகுதியிலும் இதே கணக்குதான். வாய்க்கால் முறிந்து போயிருந்தாலும், நடுத்தண்டின் வெளிப்புறம் கயிறு முறுக்கியதுபோல ஒரு பட்டையும் அதில் வளைந்த கோடுகளும் தெரிந்தால் அங்கே வெட்டு இருந்தது உறுதி.

நடுத்தண்டு

சுற்றுகள் எதைச் சுற்றிச் சுருள்கின்றனவோ அந்தத் தண்டு. வாய்க்குள் எட்டிப் பார்த்தால் இடப்பக்கச் சுவராகத் தெரியும். அதில் மடிப்புகள் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

மடிப்பு இருந்தால் எண்ணுங்கள். எண்ணியதும் நிற்காதீர்கள், எது தடித்தது என்று பாருங்கள். வால்யூட்டுகளில் கீழே உள்ள மடிப்புகள் பலமானவை, மேலே போகப் போக மெலியும். மைட்ரா கூட்டத்தில் நேர்மாறு: மேல் மடிப்பு தடித்தது. உருவத்தில் அண்ணன் தம்பி போலிருக்கும் இரண்டு ஓடுகளை இந்த ஒரு விஷயம் பிரித்துவிடும். வீட்டில் உடைந்த சங்கு ஒன்று இருந்தால் எடுத்து நடுத்தண்டைப் பாருங்கள். மடிப்பு என்றால் என்ன என்று படம் இல்லாமலே புரிந்துவிடும்.

ஒரே மாதிரி பல துண்டுகள் இருந்தால், அதிலே மோசமான ஒன்றைத் தேர்ந்து நெடுக்காகத் தேய்த்துப் பாருங்கள். தரையோடு உரைத்தே செய்யலாம். பிறகு ஈர எமரித் தாளில் மெருகேற்றலாம். நெரினியா கூட்டத்தை வேறு வழியில் உறுதிப்படுத்துவது கடினம். வெளியே பார்த்தால் சாதாரண ஊசிக்கோபுரம். வெட்டினால் ஒவ்வொரு சுற்றின் உள்ளறையிலும் நடுத்தண்டிலிருந்தும் கூரையிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் மடிப்புகள் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். அறை விசித்திரமான சாவித்துளை வடிவில் தெரியும். கருடமங்கலத்து மெருகேற்றிய கல் கையில் கிடைத்தால், இயற்கையே வெட்டிக் காட்டிய மாதிரி. வெட்டு சரியாக அச்சின் வழியே போகிறதா என்று மட்டும் பாருங்கள். சாய்வாகப் போன வெட்டில் வட்ட அறைகள் முட்டைபோல நீண்டு தெரியும், அதை வைத்து வாயின் வடிவத்தைச் சொல்லக் கூடாது.

கருவோடு

உச்சியின் முனையில், முட்டையிலிருந்து வெளிவரும் முன்பும் குஞ்சுப் பருவத்திலும் கட்டிய ஓட்டுத்துளி. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவு. பத்து ஓட்டில் ஒன்பதில் தேய்ந்து போயிருக்கும் என்பதால் பலரும் பார்ப்பதே இல்லை. இருக்கும்போது பார்க்காவிட்டால் பெரிய நஷ்டம்.

ஒரு விஷயம் முக்கியம்: கருவோட்டின் சுருள் மற்ற ஓட்டின் திசைக்கு எதிராகவோ, குறுக்கே படுத்தோ இருக்கிறதா? இருந்தால் நீங்கள் ஹெட்டரோப்ராங்கியா என்ற தனிப் பெரும்பிரிவில் இருக்கிறீர்கள். ஆக்டியான், பிரமிடெல்லா எல்லாம் அங்கேதான். வேறு எந்தப் பெரும்பிரிவிலும் இப்படி இருக்காது. அப்புறம், கருவோடு சிறிதாகப் பல சுற்றுகளோடு இருந்தால் குஞ்சு நாட்கணக்கில் கடலில் மிதந்து இரை தின்று வளர்ந்தது. பெரிதாக, ஒன்றிரண்டு சுற்றோடு மொத்தையாக இருந்தால் அது முட்டைக்குள்ளேயே பெரும்பகுதி வளர்ந்து நேராகத் தரைக்கு வந்தது. குடும்பத்தைக் கண்டுபிடிக்க இந்தக் கடைசித் தகவல் உதவாது. ஆனால் இனங்களைப் பிரிக்க உதவும்.

நுண்ணிய நத்தைகள் வேண்டுமென்றால் பெரிய ஓட்டுக்குள் அடைத்திருக்கும் மண்ணைக் கழுவி, காயவைத்து, மெல்லிய சல்லடையில் சலித்துப் பாருங்கள். உடையாத கருவோடுகள் அங்கேதான் கிடைக்கும்.

இப்போது உருவமும் அளவும்

உயரம், அகலம், வாயின் உயரம், கோபுரத்தின் கோணம். காலிப்பரால் முதல் மூன்று. கோணத்துக்குப் படம் எடுத்து, கோபுரத்தின் இருபுறமும் கோடு இழுத்துப் பாகைமானி வைத்தால் போதும். தனி எண்ணைவிட விகிதம் பேசும்: வாய் மொத்த உயரத்தில் பாதியா, கால்வாசியா? ஒரே இனத்தில் குஞ்சும் முதியதும் வேறு வேறு அளவில் இருக்கும், விகிதம் அவ்வளவாக மாறாது.

‘அவ்வளவாக’ என்றேன். அப்போராய்ஸ் கூட்டத்தில் நத்தை முழு வளர்ச்சி அடைந்த பிறகுதான் வெளியுதடு சிறகாக விரியும். சிறகில்லாத இளசைத் தனியாகப் பார்த்தால் வேறு குடும்பம் என்றுதான் தோன்றும். தென்னிந்தியக் கிரெட்டேசியஸில் கிடைக்கும் புக்னெல்லஸிலும் இதே கதை; வளர்ந்ததும் உதடு தடித்து, ஓட்டின் மேல் தடிமனான பூச்சு ஏறி, ஆளே அடையாளம் தெரியாமல் மாறிவிடும். ஆகவே ஒரே அடுக்கில் கிடைத்த இளசையும் முதிர்ந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேல் சுற்றுகளை மட்டும் ஒப்பிடுங்கள்.

களிமண்ணில் கிடைத்தவை நசுங்கியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். எல்லா ஓடும் ஒரே பக்கமாகத் தட்டையாக இருந்தால் அது இனத்தின் குணம் இல்லை, மேலிருந்த மண்ணின் பாரம்.

வேலைப்பாடு கடைசி: மேலிருந்து கீழாக ஓடும் குத்துவரி, சுற்றோடு சுற்றாக ஓடும் சுற்றுவரி, இரண்டும் வெட்டும் இடத்தில் முடிச்சு. எத்தனை வரி, எந்தச் சுற்றில் தொடங்குகிறது, கடைசிச் சுற்றில் மங்குகிறதா என்று குறியுங்கள். பேரினத்துக்குள் இனத்தைப் பிரிக்கும்போதுதான் இது முழுப் பயன் தரும்.

கோபுர வடிவ ஓடு ஒன்றை எடுத்துக்கொள்வோம்

உயரமான, ஒல்லியான கோபுரம். சுற்றுகள் பல. உச்சியும் வாயும் உடைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரியலூர் வட்டாரத்தில் அடிக்கடி கையில் வரும் நிலைமை இதுதான்.

கடைசி முழுச் சுற்றின் அடியைப் பாருங்கள். முறுக்குப் பட்டை இல்லை, அடி வழவழப்பாக உருண்டு முடிகிறது. வெறும் சுற்றுவரிகள் மட்டும். வளர்ச்சிக்கோடு ஆழமாக வளைகிறது. அப்படியானால் டர்ரிடெல்லிடே, அதாவது டர்ரிடெல்லாவின் குடும்பம். அடியில் குட்டையாக முறுக்கிய வாய்க்காலின் அடையாளமும், குத்துவரி முடிச்சுகளும், ஆங்காங்கே தடித்த பழைய உதடுகளும் தெரிந்தால் செரிதியம் பக்கம். கத்திபோல மெல்லிய, உயர்ந்த குத்துவரிகள் சுற்றுக்குச் சுற்று நின்று, வாய் வட்டமாக இருந்தால் எபிடோனியம் கூட்டம். மேல் பொருத்துக்கோட்டை ஒட்டி மிக ஒடுக்கமான ஒரு பட்டை ஓடுகிறதா? உடைந்த முனையை நனைத்துப் பாருங்கள், உள்ளறையில் மடிப்பு தெரிந்தால் நெரினியா. எதுவும் தெரியவில்லை, வெறும் உள்வார்ப்புதான் என்றால் ‘கோபுர வடிவ நத்தை, குடும்பம் தெரியவில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்ததை எடுங்கள்.

உருண்டை ஓடுகள் இதைவிடத் தொல்லை. நாட்டிசிடும் அம்புல்லினிடும் நிபுணர்களையே சண்டைபோட வைக்கும் ஜோடி. தொப்புளைச் சுற்றிப் பாருங்கள்: அம்புல்லினிடில் தொப்புளை ஒட்டி உறைபோல ஒரு தனிப் பட்டை சூழ்ந்திருப்பது வழக்கம். தொப்புள் அகலத் திறந்து, சுற்றின் தோள் தட்டையாக வெட்டியதுபோல இருந்தால் கைரோடெஸ் என்ற பேரினத்தைப் பாருங்கள். திருச்சி வட்டார அடுக்குகளில் உண்டு. நெரைட்டைப் பிரிப்பது சுலபம்: வாய் அரைவட்டம், உள்ளுதடு பலகைபோல நேராக இருக்கும். நெரைட் தன் ஓட்டின் உட்சுவர்களைத் தானே கரைத்துவிடும் என்பதால் அதன் உள்வார்ப்பில் சுருளே இருக்காது, ஒரு மொத்தைதான் வரும்.

ஓடு உரிந்த இடத்தில் முத்துப்பளபளப்பு தெரிந்தால் ட்ரோக்கஸ், டர்போ வகையறாவை முதலில் யோசியுங்கள். அம்மோனைட்டுக்கும் அந்தப் பளபளப்பு உண்டு என்பதால் நெளிகோட்டை இன்னொருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் கிடக்கும் சிப்பிகளையும் பாருங்கள். சுத்தமான வட்டத்துளை, வெளியே அகன்று உள்ளே குறுகிக் கிண்ணம்போல இருந்தால் நாட்டிசிட் துளைத்தது. நேர்ச்சுவரோடு உருளையாக இருந்தால் முட்சங்குக் கூட்டத்தின் வேலையாக இருக்கலாம். நத்தையே கிடைக்காத அடுக்கில்கூட இப்படி அதன் தடம் கிடைக்கும்.

பெயர் தேடும்போது

முதலில் பாறையின் வயதோடு பொருத்துங்கள். கூம்புச் சங்குகளான கோனஸ் குடும்பம், டைனோசர்கள் அழிந்து வெகுகாலம் கழித்து வந்த ஈயோசீன் காலத்தில்தான் வருகிறது. கிரெட்டேசியஸ் பாறையில் கோனஸ் போல ஒன்று கிடைத்தால் அது கோனஸ் இல்லை. நடுத்தண்டில் கீழே மடிப்பு இருக்கிறதா என்று பார்த்து ஆக்டியோனெல்லா கூட்டத்தைச் சோதியுங்கள். அதேபோல நெரினியா கூட்டம் கிரெட்டேசியஸோடு முடிந்துவிட்டது. நின்னியூர் அடுக்கில் நெரினியா என்று தோன்றினால், கல் எங்கிருந்து வந்தது என்று முதலில் விசாரியுங்கள்.

இந்த வட்டாரத்து நத்தைகளுக்கு அடிப்படை நூல், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் வேலை பார்த்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா 1867–68இல் வெளியிட்ட தொகுதி. அதற்கு முன் 1846இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் படிவங்களை விவரித்திருந்தார். ஸ்டோலிஸ்காவின் படத்தட்டுகள் இன்றைக்கும் அசத்தும். காப்புரிமை காலாவதியானது, தேடினால் இலவசமாகப் படிக்கலாம். ஆனால் படத்தை நம்புங்கள், பெயரை அப்படியே எடுக்காதீர்கள். அந்தக் காலத்தில் நீண்ட வாய்க்கால் உள்ள எல்லாமே ‘ஃபியூசஸ்’. இன்று அந்தப் பெயரே புழக்கத்தில் இல்லை. நத்தைகளை ‘ஆர்க்கியோகாஸ்ட்ரோபோடா’, ‘மீசோகாஸ்ட்ரோபோடா’ என்று பெரும்பிரிவுகளாகப் பிரிக்கும் நூல்களும் பழையவை. பேலியோபயாலஜி டேட்டாபேஸ் என்ற இணையப் புதைபடிவப் பதிவேட்டில் பழைய பெயரைப் போட்டால் இப்போது எங்கே வைத்திருக்கிறார்கள் என்று காட்டும். அதையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம், மூல விவரிப்போடு ஒப்பிடுங்கள். வாரணவாசியில் உள்ள அரியலூர் புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வந்தால் கண் பழகும்.

பெயர் எழுதுவதற்கு ஒரு நாகரிகம் உண்டு. பேரினம் வரை உறுதி, இனம் தெரியாது என்றால் பேரினப் பெயருக்குப் பின் ‘எஸ்.பி.’ போடுவார்கள். அந்த இனமாகத்தான் இருக்கும், ஆனால் கல் சிதைந்திருப்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றால் ‘சி.எஃப்.’. அந்த இனத்துக்கு நெருங்கியது, ஆனால் அதுவே இல்லை என்று நினைத்தால் ‘ஏ.எஃப்.எஃப்.’. புதியவர்களில் பெரும்பாலோர் ‘எஸ்.பி.’ போடுவதைத் தோல்வியாக நினைக்கிறார்கள். தவறான இனப்பெயர் ஒட்டிய நூறு கற்களைவிட, குடும்பம் வரை சரியாகப் பிரித்து அங்கேயே நிறுத்திய பத்துக் கற்கள் ஆய்வாளருக்கு உதவும்.

சீட்டில் இவை இருக்கட்டும்: உங்கள் வரிசை எண், கிராமத்தின் பெயர், ஜிபிஎஸ் இடம், எந்த அடுக்கு, பாறை எப்படிப்பட்டது, அடுக்கிலிருந்தே எடுத்ததா அல்லது கீழே உருண்டு கிடந்ததா, தேதி, ஓடா உள்வார்ப்பா, பெயர், அந்தப் பெயரை எந்த அடையாளத்தை வைத்துச் சொன்னீர்கள். எண்ணைக் கல்லின் மேலேயே, முக்கியமான பகுதி மறையாத இடத்தில், சிறு வெள்ளைப் பெயின்ட் புள்ளி வைத்து அதன்மேல் இந்திய மையால் எழுதுங்கள். பெயரைப் பிறகு யாராவது மாற்றினால் பழைய சீட்டைக் கிழிக்காமல், புதிய சீட்டை அதன் பின்னால் வையுங்கள்.